ஆன்டெனா அணியில் பக்க மடல்களைக் குறைப்பது எப்படி: எட்டு உறுப்புகளோடு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கியில், தலைக்கு மேலே உள்ள வளிமண்டலத்தின் காற்றோட்டத்தை அளப்பதற்காக 1990களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட திடலில், வரிசைக்கு 32 என 32 வரிசைகளாக, 1024 யாகி ஆன்டெனாக்கள் அங்கே நடப்பட்டன. அவற்றுக்குத் திறன் ஊட்டிய 32 அனுப்பிகளும் ஒரே அளவு கொண்டவையாக இருக்கவில்லை. நடுவில் இருப்பவை 120 கிலோவாட் வரை கொடுக்க, விளிம்பில் இருப்பவை 15 கிலோவாட்டோடு நின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு இது வசதிக் குறைவால் நேர்ந்த ஏற்றத்தாழ்வாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஏற்றத்தாழ்வு திட்டமிட்டே வைக்கப்பட்டது. வானிலிருந்து திரும்பி வரும் எதிரொலி மிக மெலிதானது. சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து வரும் எதிரொலியோ வலுவானது. ரேடார் மேலே பார்க்கும்போது பக்கவாட்டிலிருந்து எதுவும் நுழையாமல் இருக்க வேண்டுமானால், விளிம்பிலுள்ள ஆன்டெனாக்கள் நடுவிலுள்ளவற்றைவிட மெதுவாகப் பேச வேண்டும்.

விரும்பிய திசையை விட்டு விலகிய திசைகளில் கசியும் கதிர்வீச்சே பக்க மடல்; அதைக் குறைப்பதன் அடிப்படை அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஆனால் எவ்வளவு மெதுவாக, எதை இழந்து, எவ்வளவு துல்லியமாக என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடும்போதுதான் வேலை தொடங்குகிறது. முதன்முறையாக ஓர் அணியை, அதாவது பல ஆன்டெனாக்கள் உறுப்புகளாகச் சேர்ந்து ஒன்றாக இயங்கும் அமைப்பை, வடிவமைக்கும் பொறியியல் மாணவரையும், கணினியில் அழகாக வந்த வரைபடம் மின்சுற்றுப் பலகையில் வராமல் தவிப்பவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எட்டுத் தகட்டு ஆன்டெனாக்கள் கொண்ட நேர்கோட்டு அணியைக் கொள்வோம். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 122.4 மில்லிமீட்டர். அரை அலைநீள இடைவெளியில் அடுக்கினால் அணியின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் அடங்கும். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து அளந்து பார்க்கலாம்.

முதற்படி: பக்க மடல் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

எட்டு உறுப்புகளுக்கும் ஒரே வீச்சும் (அலையின் உயரம்) ஒரே கட்டமும் (அலை ஏறி இறங்கும் தருணம்) கொடுத்தால், நேர் எதிரே எட்டு அலைகளும் ஒன்றுகூடி முதன்மை மடலை உருவாக்குகின்றன. சற்றே விலகிய திசையில் அவை ஒன்றையொன்று முற்றிலும் அழித்துக்கொள்கின்றன. இன்னும் விலகினால், அழித்துக்கொண்டது போக ஒரு பகுதி எஞ்சுகிறது. அந்த எச்சமே பக்க மடல். எட்டு உறுப்புகள் சம வீச்சில் இயங்கும்போது முதல் பக்க மடல் முதன்மை மடலைவிட 12.8 டெசிபெல் மட்டுமே தாழ்ந்திருக்கும். அதாவது உச்சத் திறனில் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். உறுப்புகளின் எண்ணிக்கையை நூறாக உயர்த்தினாலும் இந்த அளவு 13.3 டெசிபெலுக்கு அருகில் நின்றுவிடும். கற்றை கூர்மையாகும், பக்க மடல்கள் முதன்மை மடலை நெருங்கி வரும், ஆனால் அவற்றின் உயரம் குறையாது. உறுப்புகளைக் கூட்டினால் பக்க மடல் தானே குறையும் என்று நினைப்பதுதான் தொடக்கநிலையில் நான் அதிகம் காணும் தவறு.

உயரத்தைக் குறைப்பது எப்படி என்பதைக் காண, இரண்டே உறுப்புகளை அரை அலைநீள இடைவெளியில் வைத்துப் பாருங்கள். அந்த இணைக்குப் பக்க மடலே கிடையாது. நடுவில் ஒரு மேடு, இரு ஓரங்களிலும் சுழி (கதிர்வீச்சே இல்லாத திசை), அவ்வளவுதான். இனி அதே இணையின் கதிர்வீச்சு வடிவத்தை அதனுடனேயே பெருக்குங்கள். பக்க மடல் இல்லாத ஒன்றை அத்தகைய இன்னொன்றால் பெருக்கினால் கிடைப்பதிலும் பக்க மடல் இருக்க முடியாது. வடிவங்களைப் பெருக்குவது, உறுப்புகளின் வீச்சுகளை இடம்பெயர்த்துக் கூட்டுவதற்குச் சமம். எனவே 1, 1 என்ற இணை முதலில் 1, 2, 1 ஆகிறது, பிறகு 1, 3, 3, 1 ஆகிறது. பள்ளியில் படித்த பாஸ்கல் முக்கோணம்தான் இது. எட்டு உறுப்புகளுக்கு 1, 7, 21, 35, 35, 21, 7, 1 என்று வரும். இந்த ஈருறுப்பு அணியில் பக்க மடல் முற்றிலும் இல்லை.

அதற்குக் கொடுக்கும் விலையைப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும். சம வீச்சு அணியின் அரைத்திறன் கற்றை அகலம் (திறன் உச்சத்தில் பாதியாகும் இரு திசைகளுக்கு இடைப்பட்ட கோணம்) 12.8 டிகிரி, ஈருறுப்பு அணியில் அது 22.9 டிகிரி. திசைத்திறனில், அதாவது திறனை ஒரே திசையில் குவிக்கும் ஆற்றலில், 2.2 டெசிபெல் போய்விடுகிறது. விளிம்பு உறுப்பின் வீச்சு நடு உறுப்பின் வீச்சில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். எட்டு ஆன்டெனாக்களுக்குச் செலவு செய்துவிட்டு, இரண்டை ஏறத்தாழ அணைத்தே வைத்திருக்கிறோம். ஆகவே பக்க மடலை ஒழிப்பது இலக்காக இருக்க முடியாது. தேவையான அளவுக்குக் குறைத்து அங்கே நிறுத்துவதே இலக்கு.

இரண்டாம் படி: தேவையை எண்ணால் எழுதுதல்

எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வலுவான குறுக்கீடு வருகிறது, அதை எந்த அளவுக்கு அடக்கினால் போதும் என்பதை முதலில் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் வைஃபையைத் தவிர்க்க விரும்புபவருக்கு 20 டெசிபெல் தாழ்வு போதுமானதாக இருக்கலாம். நிலத்தின் எதிரொலியை எதிர்த்துப் போராடும் ரேடாருக்கு அனுப்பும்போதும் வாங்கும்போதும் பக்க மடல் தலையிடுவதால், ஒருவழியில் 20 டெசிபெல் தாழ்ந்தால் இருவழியில் 40 டெசிபெல் தாழ்வு கிடைக்கிறது. காதங்கி ரேடாருக்கு இலக்காக வைக்கப்பட்டதும் ஒருவழியில் 20 டெசிபெல்தான். பெரிய எண்ணைக் கேட்பது எளிது. ஆனால் ஒவ்வொரு டெசிபெலுக்கும் கற்றை அகலத்திலும் உற்பத்தித் துல்லியத்திலும் பணத்திலும் விலை உண்டு என்பதால், தேவைக்கு மேல் கேட்காமல் இருப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி. நம் எடுத்துக்காட்டுக்கு, அளந்து பார்க்கும்போது குறைந்தது 22 டெசிபெல் தாழ்வு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் படி: இடைவெளியை முடிவு செய்தல்

வீச்சுகளைத் தொடுவதற்கு முன் உறுப்புகளுக்கிடையிலான இடைவெளியை உறுதி செய்துவிட வேண்டும். இடைவெளி அதிகமானால், முதன்மை மடலுக்கு இணையான உயரத்தில் வேறொரு திசையில் இன்னொரு மடல் தோன்றும். இதைக் கீற்றணி மடல் என்பர். பார்ப்பதற்குப் பெரிய பக்க மடல் போல இருந்தாலும் இது வேறு வகையைச் சேர்ந்தது: அந்தத் திசையிலும் எல்லா உறுப்புகளும் ஒரே கட்டத்தில் கூடுவதால், வீச்சுகளை எப்படி மாற்றினாலும் அது குறையாது. எத்தனை நாள் வீச்சுகளை மாற்றி மாற்றிக் கணித்தாலும் போகாத ஒரு மடல் இருந்தால், முதலில் இடைவெளியைச் சந்தேகியுங்கள்.

கணக்கு எளிது. கற்றையை அணிக்குச் செங்குத்தான திசையிலிருந்து எவ்வளவு கோணம் வரை திருப்பப் போகிறீர்களோ அந்தக் கோணத்தின் சைன் மதிப்போடு ஒன்றைக் கூட்டி, அலைநீளத்தை அதனால் வகுத்தால் கிடைப்பது இடைவெளியின் மேல் எல்லை. 30 டிகிரி வரை திருப்பினால் அலைநீளத்தில் 0.67, 60 டிகிரி வரை என்றால் 0.54, எல்லாக் கோணங்களுக்கும் என்றால் 0.5. காதங்கியில் 0.7 அலைநீள இடைவெளி வைக்கப்பட்டது. அதன்படி ஏறத்தாழ 25 டிகிரி வரை அச்சமின்றித் திருப்பலாம், உச்சி வானை ஒட்டியே பார்க்கும் அந்த ரேடாருக்கு அது போதும். எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் சில சதவீதம் உள்ளே வைப்பது நல்லது, ஏனெனில் எல்லையிலேயே கீற்றணி மடலின் தோள்பகுதி கண்ணுக்குத் தெரியும் கோணத்துக்குள் நுழையத் தொடங்கியிருக்கும். நம் அணிக்கு அரை அலைநீளம், அதாவது 61.2 மில்லிமீட்டர்.

நான்காம் படி: வீச்சுப் பங்கீட்டைத் தேர்ந்தெடுத்தல்

சம வீச்சுக்கும் ஈருறுப்பு வீச்சுக்கும் இடையில் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு 1946இல் டால்ஃப் என்ற ஆய்வாளர் ஒரு தெளிவான விடை கண்டார். குறிப்பிட்ட பக்க மடல் உயரத்துக்கு மிகக் கூர்மையான கற்றையைத் தருவது எந்தப் பங்கீடு என்று கேட்டு, எல்லாப் பக்க மடல்களையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் அது கிடைக்கும் என்று காட்டினார். ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவின் பல்லுறுப்புக் கோவைகள் குறிப்பிட்ட எல்லைக்குள் ஒரே உயரத்தில் ஏறி இறங்கி, எல்லையைத் தாண்டியதும் செங்குத்தாக உயரும் இயல்புடையவை. அந்த ஏற்ற இறக்கத்தைப் பக்க மடல்களுக்கும், செங்குத்து உயர்வை முதன்மை மடலுக்கும் அவர் பொருத்தினார்.

எட்டு உறுப்புகள், 25 டெசிபெல் தாழ்வு என்று கணித்தால் விளிம்பிலிருந்து நடு வரை வீச்சுகள் 0.378, 0.584, 0.842, 1 என வருகின்றன. மறுபாதி இதன் கண்ணாடிப் பிம்பம். கற்றை அகலம் 12.8 டிகிரியிலிருந்து 15.4 டிகிரிக்கு மட்டுமே விரிகிறது, திசைத்திறன் இழப்பு அரை டெசிபெலுக்குள் அடங்குகிறது. ஈருறுப்பு அணியின் விலையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மலிவு என்று புரியும். 30 டெசிபெல் கேட்டால் வீச்சுகள் 0.262, 0.519, 0.812, 1 ஆகின்றன, கற்றை 16.4 டிகிரி, இழப்பு முக்கால் டெசிபெல். இந்த எண்களைக் கையால் கணிக்கத் தேவையில்லை. பைத்தான் மொழியின் சைபை நூலகத்தில் இதற்கான செயற்கூறு இருக்கிறது, மேட்லேபிலும் உண்டு. ஆனால் ஒருமுறையேனும் நான்கு உறுப்புகளுக்காவது கையால் செய்து பாருங்கள். கருவி தரும் எண் தவறாக இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் கண் அப்போதுதான் வாய்க்கும்.

உறுப்புகள் பல பத்துகளாகப் பெருகும்போது செபிஷேவ் பங்கீட்டில் ஒரு குறை தலைதூக்கும். மையத்திலிருந்து இறங்கி வரும் வீச்சு, கடைசி உறுப்பில் திடீரெனத் துள்ளி உயரும். எத்தனை தொலைவு சென்றாலும் பக்க மடல்கள் தாழவே கூடாது என்று நாம் கேட்டதன் விளைவு அது. 1955இல் டெய்லர் என்ற ஆய்வாளர் இதைச் சரிசெய்தார்: முதன்மை மடலுக்கு அருகிலுள்ள சில பக்க மடல்களை மட்டும் சம உயரத்தில் வைத்து, மற்றவற்றை இயல்பாகத் தாழவிடுவது அவர் முறை. சம உயரத்தில் எத்தனை என்பதை ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். 30 டெசிபெலுக்கு 4 முதல் 6 வரை வைப்பது வழக்கம். காதங்கியிலும் டெய்லர் பங்கீட்டின் திருத்திய வடிவமே பயன்படுத்தப்பட்டது. ஒரு திசையில் அனுப்பிகளின் திறன் வேறுபாட்டாலும், அதற்குச் செங்குத்தான திசையில் ஊட்டுப் பாதையிலுள்ள கப்ளர்களாலும் (திறனில் ஒரு பங்கைப் பிரித்தெடுக்கும் கருவிகள்) அது நிறைவேறியது. என் பரிந்துரை இதுதான்: இருபது உறுப்புகளுக்குள் செபிஷேவ், அதற்கு மேல் டெய்லர்.

இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை. அனுப்பும் அணியில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிப் பெருக்கி இருந்து, எல்லாப் பெருக்கிகளும் ஒரே மாதிரியானவையாக இருந்தால், விளிம்பில் வீச்சைக் குறைப்பது என்பது வாங்கிய திறனை வீணாக்குவதாகும். அதனால் பல ரேடார்கள் அனுப்பும்போது சம வீச்சையும், வாங்கும்போது மட்டும் சரிவான வீச்சையும் பயன்படுத்துகின்றன. ஒவ்வோர் உறுப்பின் சைகையையும் எண்ணாக மாற்றிக் கணினியில் கூட்டும் வாங்கி அமைப்பானால் இன்னும் நல்லது. வீச்சுகள் வெறும் பெருக்கல் எண்களாகிவிடுகின்றன, நினைத்தபோது மாற்றலாம்.

ஐந்தாம் படி: பிழைக்கு வரவு செலவு போடுதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே பெரும்பாலோர். அவர்கள் ஏமாற்றம் அடைவதும் இதனால்தான். கணினியில் 25 டெசிபெலுக்கு வடிவமைத்தால் கணினியில் 25 டெசிபெல் வரும். பலகையில் ஒவ்வோர் உறுப்புக்கும் சேரும் வீச்சும் கட்டமும் நாம் கேட்டதிலிருந்து கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகுகள் எல்லாத் திசைகளிலும் சிதறி, வடிவமைத்த பக்க மடல்களின் மேல் இன்னொரு தளமாகப் படிகின்றன. எவ்வளவு நுணுக்கமான பங்கீட்டைத் தேர்ந்தாலும் அந்தத் தளத்துக்குக் கீழே போக முடியாது.

தளத்தின் உயரத்தை எளிதாக மதிப்பிடலாம். வீச்சுப் பிழையின் சராசரி இருமடி மூல (RMS) அளவைப் பின்னமாகவும், கட்டப் பிழையின் அதே அளவை ரேடியனாகவும் எடுத்து, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை உறுப்புகளின் எண்ணிக்கையாலும் பங்கீட்டின் பயனுறுதிறனாலும் வகுத்தால், முதன்மை மடலின் உச்சத்தோடு ஒப்பிட்ட சராசரிப் பிழைத் தளம் கிடைக்கும். பயனுறுதிறன் என்பது சம வீச்சு அணியின் திசைத்திறனில் எஞ்சியிருக்கும் பங்கு; நம் 25 டெசிபெல் பங்கீட்டுக்கு அது 0.9.

கவனக்குறைவாகச் செய்யாத ஒரு சாதாரணப் பலகையில் அரை டெசிபெல் வீச்சுப் பிழையும் 5 டிகிரி கட்டப் பிழையும் இருக்கும் என்று கொள்வோம். அரை டெசிபெல் என்பது 0.059; 5 டிகிரி என்பது 0.087 ரேடியன். வர்க்கங்களின் கூட்டல் 0.0111. எட்டாலும் 0.9 ஆலும் வகுத்தால் 0.00154; அதாவது உச்சத்திலிருந்து 28 டெசிபெல் தாழ்வில் பிழைத் தளம். வடிவமைத்த பக்க மடல் 25 டெசிபெலிலும், பிழைத் தளம் 28 டெசிபெலிலும் இருக்கின்றன. ஏதேனும் ஒரு திசையில் இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்தால், அங்கே பக்க மடல் 20.4 டெசிபெல் தாழ்வுக்கு ஏறிவிடும். நம் தேவையோ 22. இத்தனைக்கும் பிழைகள் எவையும் மிகைப்படுத்தப்பட்டவை அல்ல.

பிழைகளைக் கால் டெசிபெலுக்கும் 2 டிகிரிக்கும் இறக்கினால் தளம் 35 டெசிபெலுக்குப் போகிறது. 25 டெசிபெல் பங்கீட்டோடு சேரும்போது 22.7 டெசிபெல் கிடைக்கும், தேவை நூலிழையில் நிறைவேறும். இதே துல்லியத்தோடு 30 டெசிபெல் பங்கீட்டை எடுத்தால் 26 டெசிபெல் கிடைக்கும். ஆக, தேவையைவிட ஐந்து முதல் எட்டு டெசிபெல் ஆழமான பங்கீட்டைத் தேர்ந்தெடுத்து, பிழைத் தளத்தை அதற்கும் ஐந்து டெசிபெல் கீழே வைக்கும் அளவுக்குத் துல்லியத்தைக் கேட்பது பயன்படும் ஒரு வழக்கம். துல்லியம் கிடைக்காதபோது பங்கீட்டை மட்டும் ஆழமாக்குவதில் பயனில்லை. கற்றை விரியும், பக்க மடல் இருந்த இடத்திலேயே இருக்கும். வகுக்கும் எண்ணாக உறுப்புகளின் எண்ணிக்கை வருவதையும் கவனியுங்கள். அதே பிழைகள் 32 உறுப்பு அணியில் இருந்தால் தளம் இன்னும் 6 டெசிபெல் தாழும். பெரிய அணி தன் பிழைகளைத் தானே சராசரியாக்கிக்கொள்கிறது. சிறிய அணிக்குத்தான் அதிகத் துல்லியம் தேவை என்ற இந்த முடிவு பலருக்கும் வியப்பாக இருக்கும்.

2 டிகிரி என்றால் எவ்வளவு என்பதையும் கையில் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். எஃப்ஆர்-4 என்ற சாதாரண கண்ணாடியிழை மின்சுற்றுப் பலகையில் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 67 மில்லிமீட்டராகச் சுருங்குகிறது. எனவே 2 டிகிரி என்பது 0.37 மில்லிமீட்டர் கம்பி நீளம். 5 டிகிரி என்பது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு வளைவை வெட்டும் விதமே அந்த அளவு வேறுபாட்டைத் தந்துவிடும். விளிம்பு உறுப்புக்குச் செல்லும் பாதை கால் மீட்டருக்குக் குறையாது. பலகையின் மின்காப்பு மாறிலி ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் ஒரு சதவீதம் வேறுபட்டாலே அந்தப் பாதையில் ஏறத்தாழ 7 டிகிரி பிசகும். எஃப்ஆர்-4 பலகையின் மாறிலி தொகுதிக்குத் தொகுதி இதைவிட அதிகமாகவே மாறுகிறது. தொகுதி மாற்றம் எல்லாப் பாதைகளையும் ஒரே அளவில் பாதிக்கும் என்பதால், எட்டுப் பாதைகளின் நீளத்தையும் சமமாக வைத்தால் அது நம்மைத் தொடாது. பலகைக்குள்ளேயே இருக்கும் மாற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 20 டெசிபெலுக்கு மேல் நம்பகமாக வேண்டும் என்றால், ரோஜர்ஸ் போன்ற உயர் அதிர்வெண் பலகைக்குச் செலவு செய்வதே சரி என்பது என் முடிவு.

ஆறாம் படி: ஊட்டு வலையமைப்பு

ஊட்டு வலையமைப்பு என்பது ஓரிடத்தில் நுழையும் திறனை எட்டு உறுப்புகளுக்கும் பிரித்துக் கொண்டுசேர்க்கும் பாதைகள். வீச்சுகளின் வர்க்கமே திறன். 25 டெசிபெல் பங்கீட்டின் ஒரு பாதியில் நான்கு உறுப்புகளின் திறன்கள் 1, 0.71, 0.34, 0.14. மரம்போல் கிளைக்கும் ஊட்டில் முதல் பிரிவு இரு பாதிகளுக்கும் சமம். ஒவ்வொரு பாதியிலும் அடுத்த பிரிவு, நடு இணைக்கும் விளிம்பு இணைக்கும் இடையே 3.5க்கு 1, பிறகு நடு இணைக்குள் 1.4க்கு 1, விளிம்பு இணைக்குள் 2.4க்கு 1.

இதில் 3.5க்கு 1 என்ற பிரிவு தலைவலி தரும். சமமற்ற வில்கின்சன் பவர் டிவைடரின் (திறனை இரு கிளைகளாகப் பிரித்து, கிளைகளுக்கிடையே ஒரு தடையை வைக்கும் சுற்று) வழக்கமான வாய்ப்பாட்டை 50 ஓம் அமைப்பில் போட்டால், குறைந்த திறன் செல்லும் கிளைக்கு 146 ஓம் கம்பி தேவை என்று வரும். 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃப்ஆர்-4 பலகையில் அது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மெலிந்துபோகும். பொறிக்கும்போது அறுந்தால் தெரிந்துவிடும், அறாமல் அகலம் மாறினால்தான் ஆபத்து, ஏனென்றால் பிரிவு விகிதம் சத்தமில்லாமல் மாறிவிடும். இதற்கு நான் பின்பற்றும் வழி, அந்தச் சந்தியை மட்டும் 35 ஓமுக்கு இறக்கி வடிவமைத்து, முன்னும் பின்னும் கால் அலைநீள மாற்றிகளால் 50 ஓமோடு இணைப்பது. 146 ஓம் 102 ஓமாக இறங்கும். அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் நம்பிக்கையோடு பொறிக்கலாம். 30 டெசிபெல் பங்கீட்டில் அதே பிரிவு 4.9க்கு 1 ஆகி 181 ஓம் கேட்கும் என்பதால், அங்கே இந்த உத்தியும் இறுக்கமாகிவிடும். பங்கீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊட்டைச் செய்ய முடியுமா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கிளைகளைத் தனிமைப்படுத்தும் தடை இல்லாத வெறும் டி வடிவச் சந்தியைவிட வில்கின்சன் அமைப்பையே பரிந்துரைக்கிறேன். ஓர் உறுப்பிலிருந்து திரும்பி வரும் அலை டி சந்தியில் பக்கத்து உறுப்புக்குள் புகுந்து அதன் வீச்சையும் கட்டத்தையும் கெடுக்கும். வில்கின்சனில் நடுவே உள்ள தடை அதை விழுங்கிவிடும்.

கற்றையை மின்முறையில் திருப்பும் அணியானால் கட்ட மாற்றிகளின் படிநிலையும் பிழைக் கணக்கில் சேரும். நான்கு பிட் மாற்றியின் படி 22.5 டிகிரி, அதனால் வரும் சராசரி இருமடி மூலப் பிழை 6.5 டிகிரி. ஆறு பிட்டில் அது 1.6 டிகிரி. மேலும் இந்தப் பிழை உறுப்புக்கு உறுப்பு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதால், சராசரித் தளமாகப் பரவாமல் குறிப்பிட்ட திசைகளில் குவிந்து தனி மடல்களாக எழும். நான்கு பிட்டுக்கு அவை ஏறத்தாழ 24 டெசிபெல் தாழ்வு வரையும் ஆறு பிட்டுக்கு 36 டெசிபெல் தாழ்வு வரையும் உயரக்கூடும். ஒவ்வோர் உறுப்புக்கும் தெரிந்த, ஆனால் ஒழுங்கற்ற ஒரு கட்டத்தைப் பாதை நீளத்திலேயே சேர்த்துவிட்டு, கட்டளையில் அதைக் கழித்துக்கொண்டால் இந்தக் குவிப்பு கலைந்துவிடும்.

ஏழாம் படி: பக்கத்து உறுப்புகளின் தாக்கம்

இதுவரை ஒவ்வோர் உறுப்பும் தனித்து நிற்பதுபோல் கணித்தோம். உண்மையில் ஓர் உறுப்பின் அலை பக்கத்து உறுப்புகளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. நடுவில் உள்ளவற்றுக்கு இருபுறமும் அயலார் உண்டு. விளிம்பில் உள்ளவற்றுக்கு ஒருபுறம் வெறுமை. எனவே விளிம்பு உறுப்புகளின் கதிர்வீச்சு வடிவமும் மின்மறுப்பும் மாறுபடுகின்றன, எட்டில் நான்கு உறுப்புகள் விளிம்பிலோ விளிம்புக்கு அடுத்தோ இருக்கும் சிறிய அணியில் இதைப் புறக்கணிக்க முடியாது. எளிய மருந்து, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்றோ இரண்டிரண்டோ போலி உறுப்புகளை வைத்து அவற்றை 50 ஓம் தடையில் முடிப்பது. அவை எதையும் அனுப்புவதில்லை. ஆனால் எட்டு உறுப்புகளுக்கும் ஒத்த சூழலைத் தருகின்றன. இடம் இல்லையென்றால், முழு அணியையும் உருவகப்படுத்தி ஒவ்வோர் உறுப்பையும் மற்றவை 50 ஓமில் முடிந்திருக்கும் நிலையில் தனித்தனியே இயக்கி வடிவங்களைப் பதிவு செய்து, அந்த எட்டு வடிவங்களைக் கொண்டே வீச்சுகளைத் திருத்தலாம். தகட்டு ஆன்டெனாவின் அலைவரிசை அகலம் குறுகியது என்பதால், ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் ஏற்படும் சிறு நகர்வும் பெரிய கட்ட மாற்றமாக வெளிப்படும் என்பதையும் மறவாதீர்கள்.

எட்டாம் படி: அளத்தல், திருத்தல்

முதலில் கதிர்வீச்சு வடிவத்தை அளக்காதீர்கள். ஆன்டெனாக்களை இணைப்பதற்கு முன், ஊட்டு வலையமைப்பின் எட்டு வெளிவாய்களிலும் வீச்சையும் கட்டத்தையும் நெட்வொர்க் அனலைசரால் அளந்து, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பட்டியலிடுங்கள். அந்த எட்டு எண்களை ஐந்தாம் படியின் கணக்கில் போட்டால், பக்க மடல் எவ்வளவு வரும் என்பது வடிவத்தை அளக்காமலேயே தெரிந்துவிடும். அளக்கும் கேபிளை வளைத்தாலே ஓரிரு டிகிரி மாறும். கேபிளை மேசையோடு ஒட்டி அசையாமல் வைத்து, ஒவ்வோர் இணைப்பியையும் ஒரே முறுக்கு விசையில் இறுக்குவது அவசியம். ஒருமுறை, பலகையில் 6 டிகிரி பிழை இருப்பதாக நம்பி இரண்டு நாள் தேடிய பிறகு, பிழை கேபிளில்தான் இருந்தது என்பதைக் கண்டேன். அன்றிலிருந்து, எட்டு வாய்களையும் அளந்து முடித்ததும் முதல் வாயைத் திரும்ப அளந்து அதே எண் வருகிறதா என்று பார்க்காமல் எந்தப் பட்டியலையும் நான் ஏற்பதில்லை.

வடிவத்தை அளக்கும்போது தூரம் முதல் கவலை. அணி நீளத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுப்பது வழக்கமான விதி. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நம் அணிக்கு அது ஏறத்தாழ 4 மீட்டர். அந்தத் தூரத்தில் முதன்மை மடல் சரியாகத் தெரிந்தாலும், அதை ஒட்டிய சுழி நிரம்பி முதல் பக்க மடல் உண்மையைவிட உயரமாகத் தெரியக்கூடும். இடம் இருந்தால் இரு மடங்கு தூரத்தில் அளக்கவும்.

அடுத்தது எதிரொளிப்பு. பக்க மடலை அளப்பதற்காக அணியைத் திருப்பும்போது, பலம் வாய்ந்த முதன்மை மடல் சுவரையோ இரும்பு அலமாரியையோ பார்த்துக்கொண்டிருக்கும். சுவரில் பட்டு வரும் அலை நேர் அலையைவிட 20 டெசிபெல் மெலிந்திருந்தாலும், முதன்மை மடல் வழியாக நுழைவதால் 25 டெசிபெல் தாழ்ந்த பக்க மடலை அது முழுவதுமாக மூழ்கடித்துவிடும். அணியை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்தி அளவை மீண்டும் எடுங்கள். நகர்த்தும்போது ஏறி இறங்கும் மடல் அறையினுடையது; நகராமல் நிற்பது அணியினுடையது. ஆய்வகத்தில் எதிரொளிப்பற்ற அறை இல்லாதவர்கள் மொட்டை மாடியில், அணியை வானத்தை நோக்கிச் சற்றுச் சாய்த்து அளக்கலாம்.

பக்க மடல்கள் இடமும் வலமும் சமச்சீராக உயர்ந்திருந்தால் பெரும்பாலும் வீச்சுப் பங்கீட்டில் தவறு; ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தால் கட்டத்தில் தவறு இருக்க வாய்ப்பு அதிகம். எல்லாமே ஒரேயடியாக 12 டெசிபெலுக்கு அருகில் வந்துவிட்டால், ஏதேனும் ஓர் உறுப்பு இயங்கவில்லையா என்று பாருங்கள். நம் பங்கீட்டில் நடு உறுப்பு ஒன்று செத்துப்போனால், அதன் இன்மை மட்டுமே 15 டெசிபெல் தாழ்வில் எல்லாத் திசைகளிலும் பரவும் ஒரு மடலுக்குச் சமம். விளிம்பு உறுப்பு போனால் சேதம் 23 டெசிபெல் அளவில்தான். ஆகவே பற்றவைப்பைச் சோதிக்கத் தொடங்கும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளியே செல்லுங்கள். ஒவ்வோர் உறுப்பின் முன்னாலும் ஒரு சிறு உலோகத் தகட்டைப் பிடித்து, முதன்மை மடலின் திசையில் வாங்கும் திறன் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், தகட்டைக் காட்டியும் குறையாத உறுப்பே இயங்காத உறுப்பு. பலகையைக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்துவிடலாம்.